கோப்பெருந்தேவிக்குப் பெயர் வைத்த நாள்

பெண் குழந்தைக்குப் பெயர் தேடுகிறவன் பொருளைத்தான் பார்ப்பான். அந்தப் பெயரை உரக்கச் சொல்லிப் பார்க்க மாட்டான். நானும் பார்க்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், ரப்பர் விலை ஏறியிருந்த சமயம், சுங்காய்ப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். (நாலு பேர் ‘கிராணி ஐயா’ என்று கும்பிட்டால், மனிதன் தன்னைப் புலவன் என்றே நம்பிவிடுகிறான்.) முதல் மகள் பிறந்தாள். என் மனைவி அஞ்சலையின் அண்ணன் ஈப்போவில் மளிகைக்கடை வைத்திருந்தார். அவர் தன் மகளுக்கு அப்போதுதான் ராஜேஸ்வரி என்று பெயர் வைத்திருந்தார்.

“ராஜாக்களுக்கே தலைவின்னு அர்த்தம், மச்சான். அதுக்கு மேல பேரு ஏது?”

“இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம்தான் தேட ஆரம்பித்தேன்.

முதலில் அகப்பட்டது மகிஷி. “பட்டத்தரசின்னு அர்த்தம்” என்றேன் அஞ்சலையிடம்.

“எருமைன்னும் அர்த்தமாச்சே. அம்மன் கதையில வருதுல்ல?”

(வடமொழியில் இரண்டும் உண்டாம். தெரிந்தவன்போல் தலையாட்டிவைத்தேன்.)

“மாரியாயின்னே வைப்போமுங்க. கூப்பிட லேசா இருக்கும்.”

“கூப்பிட்டா லயத்து வீடுகள்ல பாதிப்பேரு திரும்பிப் பாப்பாங்க!”

கடைசியில் கண்டுபிடித்தேன்: கோப்பெருந்தேவி. கோ என்றால் அரசன், பெருந்தேவி என்றால் பட்டத்தரசி. பாண்டியனுக்குப் பக்கத்தில் சிங்காதனத்தில் அமர்ந்தவளுக்குரிய பெயர்.

“கோன்னா மாடுன்னும் சொல்லுவாங்க” என்றாள் அஞ்சலை. “எருமையிலேருந்து பசுவுக்கு வந்திருக்கீங்க. பரவால்லை.”

பெயர் வைக்கும் நாளில் வீட்டு முன்னால் பந்தல். லயத்து ஜனமெல்லாம் வந்திருந்தது. மச்சான் வாடகைக் காரில் குடும்பத்தோடு வந்து இறங்கினார். பந்தலுக்குப் பின்னால் முத்தையா அண்ணே அண்டா நிறையக் கோப்பி காய்ச்சிக்கொண்டிருந்தார். ரப்பர்ப்பால் ஷீட் அடிக்கும் மெஷின் பக்கத்திலேயே காலம் தள்ளியவர், காது மந்தம்.

பெயரின் பெருமையைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். (யாரும் கேட்கவில்லை.) குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொன்னேன். பிறகு எழுந்து, கடைசி வரிசைக்கும் கேட்கட்டும் என்று முழங்கினேன்.

“கோப்பெருந்தேவி!”

“இந்தா வந்துட்டேன்லா!” என்று பின்னாலிருந்து பதில் வந்தது. கூடவே ஒரு பெரிய லோட்டா நிறையக் கோப்பியும் என் கைக்கு வந்தது.

“இல்லண்ணே, கோப்பெருந்தேவி!”

“இன்னும் பெருசா?” முத்தையா அண்ணே என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய், வாளியோடு திரும்பினார்.

“ஏன் மச்சான், புள்ள காதுல சொன்னதும் இதுதானா?” என்றார் ஈப்போ மச்சான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “கோ! பெருந்! தேவி!” என்று கத்தினேன்.

முத்தையா அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “கோப்பி பெருசாத் தேவைன்னீங்க, குடுத்தாச்சுலா கிராணி ஐயா! மத்தவங்க குடிக்க வேணாமா?”

பந்தலே வெடித்துச் சிரித்தது. குழந்தை வீரிட்டது. கையில் லோட்டாவோடு, எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் நின்றேன். அஞ்சலையைத் திரும்பிப் பார்த்தேன். குழந்தையை அண்ணியிடம் கொடுத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சலில் கிடந்து பிழைத்தவள். இவள் இனி சிரிப்பாளா என்று நான் பயந்திருந்த நாட்கள் உண்டு. கோபம் போன இடம் தெரியவில்லை. உட்கார்ந்து அந்தக் கோப்பியைக் குடித்தேன். நன்றாகவே இருந்தது.

பொழுது சாய்வதற்குள் பட்டத்தரசி, லயம் முழுவதற்கும் ‘கோப்பி’ ஆகிவிட்டாள். சீக்கிரமே என் வாயிலும் அதுதான் வந்தது.

மகள் இப்போது தைப்பிங்கில் வாழ்கிறாள். அந்த ஊர் மழையில் நனைந்து வீடு திரும்பும் மருமகன், வாசலிலிருந்தே “கோப்பி!” என்பாராம்.

“கூப்பிடுறீங்களா, கேக்குறீங்களா?” என்று உள்ளேயிருந்து குரல் வருமாம்.

மனிதர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். இப்போது தேத்தண்ணிக்கு மாறிவிட்டார்.