கதவு டீச்சர் தேர்ந்த புத்தகங்கள்

இந்த நாட்டிலேயே மிகக் கறாரான புத்தக விமர்சகர் ஒரு கதவு. அதன் தீர்ப்பைக் கேட்டு நடந்த ஒரே மனுஷி எங்கள் கதவு டீச்சர். நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் தலவாக்கலையில் பஸ் ஏறி முக்கால் மணி நேரம் மேலே வரலாம். கதவு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து அந்தத் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு நான் மாற்றலாகிப் போனபோது நூலகப் பொறுப்பு அவரிடம் இருந்தது. ஐம்பதைத் தாண்டியவர், அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். கழுத்தில் சிலுவை, தோளில் மழைக்கோட்டு, கையில் எப்போதும் ஒரு கதைப் புத்தகம். புதிதாக ஒரு புத்தகம் வந்தால் அதைப் பாடசாலையில் வைத்து வாசிக்க மாட்டார். பின்னேரம் பனிமூட்டம் இறங்கியதும் பழைய பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுபோவார்.

கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அறைதான் பிள்ளைக்காம்பரா. புதியது கட்டிய பிறகு பழையது தேயிலைக்கு நடுவே வெறுமையாகக் கிடந்தது. உள்ளே தொட்டில் கட்டிய இரும்புக் கொக்கிகள் மட்டும் வரிசையாகத் தொங்கும். டீச்சர் அங்கே ஒரு பலகையில் உட்கார்ந்து, அந்த வெறும் அறைக்கு முதல் அத்தியாயத்தை உரக்க வாசிப்பார். கதை பிடித்தால் கதவு திறந்தபடி இருக்கும். பிடிக்காவிட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். அப்படிச் சாத்திய புத்தகம் நூலகத்துக்குள் வராது.

"ஆருக்கு டீச்சர் வாசிக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாருன்னு நான் கேட்டதில்ல சேர். ரசன இருக்கு. அது போதும்."

"உது வெறும் காத்து."

"காத்துக்கு எப்புடி சேர் புத்திமதி வர்ற எடம் தெரியும்?"

உண்மைதான், புத்திமதிக் கதை அந்தக் கதவுக்கு ஆகவே ஆகாது. ஒரு புத்தகத்தில் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமி, "பிள்ளைகளே, கேளுங்கள்" என்று ஆரம்பித்ததும் அது சாத்திய வேகத்தில் கூரைத் தகரம் ஒன்று கழன்று விழுந்ததாம். டீச்சர் சொன்னார். தகரத்தையும் காட்டினார்.

நான் சிரித்துக்கொண்டே காலத்தைக் கழித்திருப்பேன். ஆனால் அந்த வருஷம் நூலகத்துக்கே கண்டம் வந்தது. உடைந்த மேசை கதிரைகளைப் போட பாடசாலை அதிபருக்கு ஓர் அறை தேவைப்பட்டது. அவரையும் குறை சொல்ல முடியாது. இரவல் பதிவேட்டில் மூன்று மாதத் தவணை ஒன்று முழுக்க நான்கே பெயர், அதில் இரண்டு என்னுடையது. அந்த நேரம் பார்த்து வெளிநாட்டிலிருந்த பழைய மாணவர் சிலர் இளையோருக்கான கதைப் புத்தகங்கள் வாங்கித் தர முன்வந்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் பட்டியல் போட்டுக் குடுங்க" என்றார் அதிபர். "புஸ்தகம் வந்த தவணைக்குள்ள புள்ளைக வாசிக்கலேன்னா ரூம நான் எடுத்துக்கிருவேன்."

 அந்த அறையைத் தவிர டீச்சருக்கு வேறு சொத்து சுகம் இருந்ததாக எனக்குத் தெரியாது. அன்று அவர் மழைக்கோட்டை மறந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

என் பட்டியல் உத்தமமானது. ஒழுக்கம், சுற்றாடல், நேரத்தைத் திட்டமிடும் முகாமைத்துவம். டீச்சரின் பட்டியலில் பேய்கள், வீட்டைவிட்டு ஓடும் பிள்ளைகள், ரயிலைக் கடத்தும் ஒரு பெண்.

"பேய்க்கதை வாசிச்சா பிள்ளையள் பயப்படுங்கள் டீச்சர்."

"நம்ம புள்ளைக அட்ட, சிறுத்த, மண்சரிவு எல்லாத்தையும் தாண்டி ஸ்கூலுக்கு வருதுக சேர். பேய் எம்மாத்திரம்?"

நான் விடவில்லை. என் பட்டியலின் முதல் புத்தகம் என்னிடமே இருந்தது; அதைக் கதவின் முன் நானே வாசிக்கிறேன் என்று சவால் விட்டேன். வெட்கத்தோடு சொல்கிறேன், நான் நேர்மையாகப் போகவில்லை. டீச்சருக்கு முன்பே போய், கதவைச் சுவரோடு தள்ளி, இரண்டு கையாலும் தூக்கவேண்டிய ஒரு கருங்கல்லை அதற்கு அண்டை கொடுத்து, மேலே ஒரு சாக்கைப் போட்டு மறைத்தேன்.

டீச்சர் வந்து பலகையில் உட்கார்ந்தார். நான் கதவுக்கு முதுகைக் காட்டி நின்று வாசிக்கத் தொடங்கினேன். காற்று துளியும் இல்லை. பனி வாசற்படிவரை வந்து நின்றிருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் கதாநாயகன் பல் துலக்குவதன் நன்மைகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான். அப்போதுதான் அது கேட்டது. சீமெந்துத் தரையில் கல் உரசும் சத்தம். அவசரமே இல்லை. கொஞ்சம் நகரும், நிற்கும், மறுபடி நகரும். திரும்பிப் பார்க்க எனக்குக் கழுத்து வரவில்லை. வெளிச்சம் மெல்ல ஒடுங்கி, கதவு சாத்திக்கொண்டது. கொக்கிகளில் ஒன்று மட்டும், அப்போதுதான் யாரோ பிள்ளையை இறக்கியது போல, ஆடும் சத்தம் கேட்டது.

இருட்டுக்குள்ளிருந்து டீச்சரின் குரல் வந்தது.

"கல்லு வெச்சீங்களா சேர்?"

"ஓம்."

"கல்லு வெச்சா கோவிச்சுக்குவாங்க. மன்னிப்புக் கேட்டுட்டு, பல்லு வெளக்குற புஸ்தகத்த பைக்குள்ள வைங்க. தொறந்துக்கும்."

கேட்டேன். பட்டதாரி ஆசிரியனான நான் ஒரு கதவைப் பார்த்துக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். திறந்துகொண்டது. மலையிறங்கும் வழியிலேயே டீச்சரின் பட்டியலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

புத்தகங்கள் வந்தன. டீச்சர் ஒன்றை எடுத்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குள் போனார். கதையில் ஒரு சிறுமியின் பின்னால் யாரோ வந்து நிற்கும் இடம்வரை வாசித்தார். பிறகு புத்தகத்தை மூடி, "மிச்சம் லைப்ரரியில இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். இடைவேளை மணி அடித்ததும் வந்த கூட்டத்தில் நூலகத்தின் கதவு பிணைச்சலோடு கழன்றது. தவணை முடிவில் அதிபர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். அறையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தனக்கும் ஒரு பேய்க்கதையை எடுத்துக்கொண்டு போனார்.

ஓய்வுபெற்று இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, போன மாதம் டீச்சர் இறந்துபோனார். குழிக்குள் ஒரு பிடி மண் போட்டபோதுதான் அவர் மேல் நான் எவ்வளவு பிரியம் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரிந்தது.

இதை இவ்வளவு தூரம் எழுதி முடித்ததும் நேற்றுப் பின்னேரம் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். அவர் உட்காரும் பலகையில் உட்கார்ந்து முதலிலிருந்து உரக்க வாசித்தேன். டீச்சரைத் தெய்வம் என்று எழுதியிருந்த ஒரு பத்தியில் கதவு லேசாக அசைந்தது. அந்தப் பத்தியை அங்கேயே வெட்டினேன். மிச்சத்துக்கு அது அசையவே இல்லை.

"போயிட்டு வாறன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்தபடியே விட்டு இறங்கினேன்.