சனிக்கு அரைப் பக்க தூரம்

விண்கலம் சனிக்கிரகத்தின் நிலவு ஒன்றில் இறங்க இன்னும் அரைப் பக்கமே பாக்கி. கீழேயிருந்து மனைவி மீனாட்சியம்மாளின் குரல் வந்தது.

"இங்கேருங்க, சும்மாதான இருக்கீங்க? மாவு திரிச்சுட்டு வந்துருங்க."

நந்தகோபால் புத்தகத்தை மூடினார். நாலு நாளாக அந்த விண்கலம் அதே அரைப் பக்க உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒளிவேகத்தில் வந்தவர்கள், அவர்களுக்கு வயதாகாது, பொறுத்துக்கொண்டார்கள். நந்தகோபாலுக்கு ஆகும்.

பண்டகசாலையில் கிளார்க்காக இருந்த காலமெல்லாம் விண்வெளிக் கதைகளாக வாங்கி டிரங்குப் பெட்டியில் அடுக்கியிருந்தார், ஓய்வு பெற்றதும் படிக்க. ஐம்பத்தெட்டு முடிந்தது, சால்வை போர்த்தி அனுப்பிவைத்தார்கள். மொட்டை மாடித் தொட்டி நிழலில் சாய்ந்தால், தீப்பெட்டிக் கம்பெனிக் கூரைகளுக்கு அப்பால் கரிசல் வெடித்துக் கிடப்பது தெரியும். மனிதன் இன்னும் கால் வைக்காத கிரகம் போலிருக்கும். சாயங்கால வெளிச்சத்தில் அதைப் பார்த்தபடி, கண் மங்குவதற்குள் இன்னும் எத்தனை கிரகங்களில் இறங்க முடியும் என்று யோசிப்பார். யோசித்து முடிப்பதற்குள் பால் வாங்கக் கூப்பிடுவார்கள்.

வயதைச் சொல்லித் தப்பிப்பது என்று முடிவு செய்தார்.

"வயசாயிட்டு மீனாட்சி. முட்டி கெஞ்சுது. இனிமே ஓரமா உக்காந்து படிக்கத்தான் நான் லாயக்கு."

வாசலில் நின்ற தெருச் சங்கச் செயலாளர் வெயிலுமுத்துவின் காதில் இது விழுந்துவிட்டது.

"வயசான பெரியாளு இல்லாமத்தான் அண்ணாச்சி நம்ம சங்கம் தவிக்குது!"

அன்றைக்கே தலைவராக்கிவிட்டார். அதன்பின் நிச்சயதார்த்தமா, பால்காய்ப்பா, சாவு விழுந்த துட்டி வீடா, முன்வரிசை நாற்காலி நந்தகோபாலுக்குத்தான். ஒரு துட்டி வீட்டில், துண்டுக்குள் புத்தகத்தை மறைத்து, கதாநாயகன் பூமியிடம் விடைபெறும் கட்டத்தை மறுபடி படித்தார். கண்ணீர் வழிந்துவிட்டது.

"முன்னப்பின்ன பாக்காத ஆளுக்கு இப்படி அழுதாரே!" என்று கூட்டம் நெகிழ்ந்தது.

மறுநாளிலிருந்து அடுத்த தெருக்காரர்களும் தங்கள் துட்டிகளுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

முதுமை சரிப்படவில்லை. நந்தகோபால் மாற்றி யோசித்தார்.

"உண்மையச் சொல்லுதேன் மீனாட்சி. எனக்கு அம்பத்தாறுதான் ஆவுது. மூணு வயசிலேயே பள்ளிக்கூடத்துல தள்ளி, அஞ்சுன்னு எழுதிட்டாவ. இந்த ரெண்டு வருசம் சர்க்கார் கணக்குலயே கிடையாது. கணக்குல இல்லாத காலத்துல ஒருத்தன்ட்ட வேலை சொல்லப்படாது."

சொல்லும்போதே உடம்பு லேசாகி, தரையிலிருந்து ஓரங்குலம் மேலே மிதப்பது போலிருந்தது.

மீனாட்சியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அப்போ எளவட்டம்தான். முட்டிவலின்னு சொன்னது பொய். சைக்கிள்ல குடத்தக் கட்டுங்க, தண்ணி லாரி வந்துட்டு."

சேதி கேட்ட வெயிலுமுத்து தலைவர் பதவியைப் பறித்து, கோயில் கொடை விழாவுக்குப் பந்தல் கம்பு சுமக்கும் இளைஞர் அணியில் அவரைச் சேர்த்தார். விண்கலம் அரைப் பக்க உயரத்திலேயே நின்றது.

தோள் தடித்துப்போன நந்தகோபால், இடைசெவலிலிருந்து அக்கா பெத்தம்மாளைப் பஸ்ஸில் கூட்டிவந்தார். அவர் பிறந்ததைப் பார்த்தவர்களில் உயிரோடிருக்கும் ஒரே சாட்சி.

"யக்கா, வயசு வாரதுக்கு முன்னயே என்னையப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டாவன்னு இவகிட்டச் சொல்லு. ரெண்டு வருசம் எனக்கு வரவேண்டியிருக்குல்லா? நிம்மதியாப் படிச்சிட்டுப் போறேன்."

பெத்தம்மாள் வெற்றிலையைக் குதப்பியபடி சிரித்தாள்.

"முன்னயா? ஏலே, தலைக்கு மேல கையச் சுத்தி மறு காதத் தொட்டாத்தாம்லே அப்ப சேப்பாவ. உனக்குக் குட்டக் கை. அஞ்சு வயசுலருந்து மூணு வருசம் எட்டல எட்டலன்னு திருப்பி விட்டாரு வாத்தியாரு. எட்டுனன்னைக்கு அஞ்சு வயசுன்னு எழுதிக்கிட்டாரு."

மீனாட்சியம்மாள் வாயில் கைவைத்தாள். "அப்போ இவியளுக்கு அறுவத்தொண்ணா மதினி?"

நந்தகோபாலுக்கு அறுபத்தொன்றுகூடப் பெரிதாகப் படவில்லை. யார் கணக்கிலும் ஏறாமல், அவர் கேட்டதைவிட ஒரு வருடம் கூடுதலாக, ஏற்கெனவே வந்து போயிருக்கிறது அந்தக் காலம்! அவர் குரல் எங்கோ தொலைவிலிருந்து வந்தது.

"அந்த மூணு வருசமும் நான் என்னக்கா செஞ்சேன்?"

"என்ன செஞ்ச? பருத்திக் காட்டுல மல்லாக்கப் படுத்து வானத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்த. ஊரெல்லாம் வேலை பாத்து முடிச்சிட்டு ரிட்டயர் ஆவாக. நீ ரிட்டயர் ஆகி முடிச்சிட்டுத்தாம்லே வேலைக்கே போன!"