பட்டன் சாரும் பதினோரு சமர்ப்பியும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் செய்யப்பட்ட இணையதளங்களில் பட்டன் சார் குறை கண்டுபிடிக்காத தளம் ஒன்றுகூடக் கிடையாது. இத்தனைக்கும் அவற்றில் ஒன்றையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்.

இலுப்பூரில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். நான் புதுக்கோட்டையில் ஒரு மாடியறையில், கடைக்கும் கல்லூரிக்கும் வெப்சைட் செய்துகொடுக்கும் கம்பெனியில் இருந்தேன். மாதம் இரண்டு முறை பஸ் ஏறி வந்துவிடுவார். உட்கார்ந்ததும் செல்போனை மேஜையில் வைத்து, நாங்கள் செய்த தளம் ஒன்றைத் திறந்து, சத்தத்தைக் கூட்டுவார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் செயலி அதில் உண்டு. நாங்கள் எந்தப் பொத்தானுக்கும் பெயர் வைக்காததால் அது "பட்டன், பட்டன், பட்டன்" என்று ஓதிக்கொண்டே போகும். மொத்த ஆபீசும் கைகட்டிக் கேட்கவேண்டும். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

நார்த்தாமலைக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்காக ஒரு தளம் செய்திருந்தோம். அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

"தம்பி, கோயில் படத்தத் தொட்டா, கேமரா வச்ச பேர, ஐஎம்ஜி ரெண்டாயிரத்து முப்பத்தி நாலுன்னு சொல்லுது. அர்ச்சனைய இந்தப் பேருக்கே பண்ணிரலாமாங்க?"

எங்கள் முதலாளிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "கண்ணு தெரியாதவங்க நம்ம சைட்டுக்கு எங்கய்யா வாராங்க?" என்று என்னிடம் கிசுகிசுத்தார். பட்டன் சாருக்குக் காது பிரமாதம்.

"வழி வச்சா வருவோம்ங்க. வழிய அடைச்சுப்புட்டு ஆளு வரலைன்னா எப்புடி?"

பிறகு ஒரு தனியார் கல்லூரிக்கு வேலை விண்ணப்பத் தளம் செய்யும் ஆர்டர் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஓர் அலுவலக வேலை ஒதுக்கியிருந்தார்கள். தளம் அவர்களுக்கு உகந்ததா என்று ஒரு மென்பொருள் சோதித்துச் சொல்லவேண்டும். சோதித்தேன். பதினோரு பொத்தானுக்குப் பெயர் இல்லை என்று பதினோரு சிவப்புக் குறி. ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுத எனக்கு உடம்பு வணங்கவில்லை. பதினொன்றுக்கும் 'சமர்ப்பி' என்று ஒரே பெயரை ஒட்டிவிட்டேன். பெயர் இருக்கிறதா என்றுதான் மென்பொருள் பார்க்கும், சரியா என்று பார்க்காது. எல்லாம் பச்சையாகிவிட்டது. முதலாளி எல்லாருக்கும் வடை வாங்கித் தந்தார். 'மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்தது' என்று தளத்தின் அடியில் முத்திரையும் குத்தினோம்.

அந்த வேலைக்குப் பட்டன் சார் விண்ணப்பித்தார். அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவார், இதை விட்டால் வேறு கிடையாது. யாராவது நிரப்பித் தருகிறேன் என்றால் ஒப்பமாட்டார். "வேல எனக்கு. வெரலும் எனக்குத்தான் இருக்கு" என்பார்.

கடைசி நாள், மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் மூடிவிடும். அன்று மதியம் ஆறு முறை என்னைப் போனில் கூப்பிட்டார். பெயரைப் பார்த்தேன். இன்னொரு குறைப் பட்டியல் என்று நினைத்து எடுக்கவில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது.

மறுநாள் காலையில் மாடியேறி வந்தார். எந்தப் பொத்தானைத் தொட்டாலும் 'சமர்ப்பி' என்றே சொன்னதாம், விண்ணப்பம் போய்ச் சேரவில்லையாம். நான் ஒரே பெயரை ஒட்டியதை மறைக்காமல் சொன்னேன். அவர் முன்னாலேயே கல்லூரி மேலாளருக்குப் போன் செய்தேன்.

"அதான் உகந்ததுன்னு போட்டிருக்குல்லங்க. அவருக்கு யூஸ் பண்ணத் தெரியலையோ என்னவோ. தேதி முடிஞ்சுபோச்சு" என்று வைத்துவிட்டார் மேலாளர். அந்த முத்திரையைக் குத்திய விரலை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பட்டன் சார் தொண்டையைச் செருமினார். "இங்கிட்டு ஒக்காருங்க தம்பி. பதினொன்னுக்கும் பேரு சொல்றேன், போடுங்க. அடுத்து வாரவுகளுக்காவது ஒதவும்."

"ஒங்களுக்கு எப்புடி சார் தெரியும்?"

"அமுக்கிப் பாத்துத்தான். மொதலாவது, எழுதுன எல்லாத்தையும் அழிக்கிறது. திருப்பி எழுதுனேன். மூணாவது, வெளிய தள்ளிருது. திருப்பி எழுதுனேன். எட்டாவதுதான் அனுப்புறது. அதக் கண்டுபிடிக்கிறப்ப அஞ்சு மணி தாண்டிருச்சு."

அவர் சொல்லச் சொல்ல, வரிசையாகத் திருத்தினேன். முடித்ததும் செல்போனைக் காதில் வைத்து, பதினொன்றையும் நிதானமாகக் கேட்டார்.

"இப்ப நல்லாருக்கு தம்பி" என்றார்.

அத்தனை வருடப் பழக்கத்தில் அவர் வாயால் நான் வாங்கிய ஒரே பாராட்டு அது. எனக்கு ரொம்பப் பிடித்த மனிதர் அவர். அன்றைக்காவது என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.