மானேஜர் சிந்திய சிவப்புத் துளிகள்

அன்பும் அறிவும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவோடு உங்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டவன் எழுதுவது. நான், உங்கள் அக்கா, எங்கள் நாய் மானேஜர் மூவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள் என்பதால் இந்தக் கடிதம்.

போன வாரம் கூடத்தின் வெள்ளைத் தரையில் சிவப்பாக நாலைந்து சொட்டு. உங்கள் அக்கா என் காலைப் பார்த்தாள், நான் அவள் கையைப் பார்த்தேன், யாருக்கும் காயமில்லை. மானேஜர் மட்டும் சோபாவுக்கு அடியில் சுருண்டு தன்னைத்தானே நக்கிக்கொண்டிருந்தது. குளியலறைக்குள் ஓரத்திலும் ஒரு கறை. "அதுவும் இவன் வேலைதான்" என்று நானே தீர்ப்புச் சொல்லிக் கழுவிவிட்டேன். அப்போதே டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். ஆனால் இந்தக் குடும்பத்தில் தலைவலி மாத்திரைக்கே டயர் கடை முதலாளியான உங்களிடம்தானே உத்தரவு வாங்க வேண்டும்? அக்கா போன் போட்டாள். நீங்கள் எவனுடைய டயருக்கோ காற்றடித்துக்கொண்டே, "பருவத்துக்கு வந்திருக்கும்க்கா, விடு" என்றீர்கள். "அது ஆம்பளை நாய்டா!" என்றாள். "அப்ப சூடுதான். தயிர் ஊத்து, தானா நின்னுடும்" என்று அருளினீர்கள்.

ஊற்றினோம். மானேஜர் குடித்தது, ரத்தம் நிற்கவில்லை. மறுபடி கேட்டால், "தயிர் புளிச்சிருக்கும்" என்கிறாய். உனக்கு வாய்தான் மூலதனம். அடுத்த நாள் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் காலைத் தூக்கிக்கிட்டு நிக்குது, முக்குது, வந்தா ஒரு சொட்டு, அதுவும் சிவப்பு. என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்குது. பார்க்கச் சகிக்கலைப்பா. அப்படியே ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம்.

"சிறுநீரோட வருதா, சும்மா இருக்கும்போதும் சொட்டுதா?" என்று கேட்டார் கால்நடை டாக்டரம்மா.

"தயிர் குடுத்தோம்" என்றாள் உன் அக்கா.

"யார் சொன்னது?"

"டயர் கடை."

அந்தம்மா சிரிக்கவே இல்லை. புராஸ்டேட் வீங்கியிருக்கிறதாம், கூடவே கிருமி. கருத்தடை செய்யாத வயதான ஆண் நாய்களுக்கு வருவதாம். "சிறுநீர் போற இடத்துலேருந்து ரத்தம் ஒரு தடவை வந்தாலும் கூட்டிட்டு வரணும். தானா நின்னாலும் ஏன் வந்துச்சுன்னு பாக்கணும். முக்கியும் சிறுநீர் போகலைன்னா அந்த நிமிஷமே ஓடி வரணும், உசுருக்கே ஆபத்து. இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றார். ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார், ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். மானேஜர் தப்பிச்சுது.

ஆகையால் இனி நீ டயரைப் பற்றி மட்டும் வாயைத் திற. வைத்தியம் பேசிக்கொண்டு என் வீட்டு வாசல்படி மிதிக்காதே. குழந்தைகளுக்கு என் ஆசிகள். உனக்கு ஆயுளும், காற்று இறங்காத வியாபாரமும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா புருஷன்

பி.கு.: மானேஜருக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம். குட்டியிலிருந்து இன்றுவரை குளியலறைக்குள் காலே வைத்ததில்லை. அந்தக் கறை என்னுடையது. ஒரு மாசமா எனக்கும் சிறுநீர்ல ரத்தம் வருது. தானா நின்னுடும்னு நானும் உன் தயிரைத்தான் குடிச்சுக்கிட்டிருக்கேன். போனில் சொன்னா அக்கா காதில் விழும். கடிதம் கிடைச்சதும் கடையைச் சாத்திட்டு வாடா. ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு.