தாமிரபரணியைக் காப்பாற்றப் போன நாள்

ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று தெரியாதவர்களிடம்தான் உற்சாகம் நிரம்பி வழிகிறது. தெரிந்தவர்கள் ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு டீ பழக்கம் இல்லை.

அப்போது அம்பாசமுத்திரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. அந்த நேரம் பார்த்து, பாபநாசம் படித்துறையைச் சுத்தம் செய்யப் போவதாகப் பள்ளியில் அறிவித்தார்கள். பரிகாரம் செய்ய வருகிறவர்கள் உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போவார்கள். (பாவம் போய்விடும். துணி போகாது, கல்லிடுக்கில் சிக்கிக்கொள்ளும்.) அதை அள்ள வேண்டும், தாளாளர் வந்து தொடங்கிவைப்பார். பொறுப்பை யார் எடுப்பது என்று கேட்டு முடிப்பதற்குள் என் கை மேலே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாணவிகளோடு போய் இறங்கினேன். தாளாளரைக் காணவில்லை. அவர் வருவதற்குள் படித்துறையைப் பளிச்சென்று ஆக்கிவிட்டால் வேலை நிரந்தரம் என்று மனக்கணக்குப் போட்டு, தொடக்க விழாவுக்கு முன்பே தொடங்கிவிட்டேன். தண்ணீரில் மிதந்தது, கல்லில் ஒட்டியது, எல்லாம் சாக்குக்குள் போயின. மேல்படியில் ஒரு வேட்டியும் சட்டையும் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. யாரோ பாவத்தைக்கூட மரியாதையாகத் தொலைத்திருக்கிறார்கள் என்று நெகிழ்ந்து, அதையும் போட்டேன்.

மூட்டைகளோடு வண்டி குப்பைக்கிடங்குக்குப் புறப்பட்டது. அப்போது ஆற்றில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்ற ஒருவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். பாராட்டுகிறார் என்று நானும் ஆட்டினேன். இன்னும் வேகமாக ஆட்டினார். ஏதோ கத்தினார், தண்ணீர் இரைச்சலில் கேட்கவில்லை. மாணவிகளைக் கைதட்டச் சொன்னேன். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குளித்து முடித்தவர் கரையேற வேண்டியதுதானே? ஏதாவது வேண்டுதலோ? பக்கத்தில் நின்ற தமிழாசிரியை செல்வி அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“ஏட்டி, அது நம்ம தாளாளர்லா?”

வெள்ளைச் சட்டையும் கண்ணாடியும் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. விழாவுக்கு முன் ஒரு முங்கு போடலாம் என்று சீக்கிரமே வந்திருக்கிறார். கண்ணாடி, செல்போன், கார் சாவி எல்லாம் சட்டைப் பையில். கண்ணாடி இல்லாததால், போவது தன் வேட்டிதானா என்று அவருக்கே வெகுநேரம் சந்தேகமாம்.

மாணவிகளைத் திரும்பி நின்று மலையைப் பார்க்கச் சொன்னேன். (ஏன் மிஸ் என்றார்கள். இயற்கை என்றேன்.) பிளாஸ்டிக் கூடாது என்று நான் அடம்பிடித்துத் துணியில் எழுதவைத்த பேனர் மரத்தில் கட்டியிருந்தது. செல்வி அக்கா அதை அவிழ்த்துத் தண்ணீரில் வீசினார். பட்டாபட்டி டவுசருக்கு மேல் அதைச் சுற்றிக்கொண்டு தாளாளர் கரையேறினார். முன்பக்கம் ‘தாமிரபரணி நம் தாய்’, பின்பக்கம் ‘அனைவரும் வருக’. அதே கோலத்தில்தான் விழாவையும் தொடங்கிவைத்தார்.

வண்டியை வழிமறித்துச் சாவியையும் செல்போனையும் கண்ணாடியையும் மீட்டார்கள். வேட்டி கிடைக்கவில்லை.

மறுநாள் தாளாளர் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று தீர்மானித்துக்கொண்டுதான் அறைக்குள் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“உற்சாகம் வேணும்மா. ஒங்ககிட்ட நெறைய இருக்கு. எனக்குத்தான் பயமா இருக்கு.”

அந்த மாதமே வேலை நிரந்தரமானது. கூடவே, வெளியே எங்கும் போக வேண்டியிராத நூலகப் பொறுப்பையும் கொடுத்தார். அது பரிசா தண்டனையா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இதை என் கணவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. வீட்டில் சட்டையோ சாக்ஸோ காணாமல் போனால் அவரும் மகளும் தேடுவதே இல்லை. “ஆறு சுத்தமாயிட்டு” என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். குற்றாலத்துக்குப் போனால், அருவிக்குள் நுழையும் முன் தன் துணியை அவர் என்னிடம் தருவதில்லை. முன்பின் தெரியாத யாரிடமாவது கொடுத்துவிட்டு என்னைக் கைகாட்டுகிறார்.

“அண்ணாச்சி, அந்தம்மா வந்து கேட்டா மட்டும் குடுத்திராதிய.”