கண்ணாடிக்காரர் பெயரில் ஒரு சிங்கி இறால்

அன்பு மகளுக்கு,

அப்பாவின் ஆசிகள். நாங்கள் நலம். நீயும் உன் பாறையும் சுத்தியலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். எனக்குக் கையில் சுளுக்கு. நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதுகிறாள்.

ஆழ்கடலில் வாழ்ந்து கல்லாகிப்போன புதுவகைச் சிங்கி இறாலைக் கண்டுபிடித்திருக்கிறேன், உங்கள் பெயரை வைக்கட்டுமா என்று நீ கேட்டதும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். இருந்தேனா? தெரு முழுக்கச் சொன்னேன். பெரியப்பா முறுக்கிக்கொண்டார். "மூத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், தம்பி பேர வைக்கிறாளா?" சமாதானம் செய்ய, நீ அனுப்பிய பிளாஸ்டர் அச்சை எடுத்துக்கொண்டு போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்ணு எங்கடா?" என்றார். இருட்டிலேயே வாழ்ந்த பிராணி, அதற்குக் கண்ணே கிடையாது என்று நீ எழுதியிருந்ததை அப்படியே சொல்லித் தொலைத்தேன். அவர் சிரித்த சிரிப்பில் கோபம் போயிற்று, கூடவே என் மானமும் போயிற்று. முடிவெட்டப் போனால் அங்கேயும் இதே பேச்சு. "காலமெல்லாம் ஊருக்கே கண்ணாடி போட்டு விட்டீங்க, உங்க பேர்ல இருக்கறதுக்கு ஒண்ணு போடக்கூடாதா சார்?"

ஆகவே, கட்டுரை அச்சுக்குப் போவதற்குள் என் பெயரை எடுத்துவிடு. அப்புறம் மாற்ற முடியாது என்று நீயே எழுதியிருக்கிறாய். பெரியப்பா பெயரை வை. அவருக்கு உள்ளூர ஆசைதான். எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம், வேலையை முடித்துவிட்டு மெதுவாக வா. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் நன்மையே வேண்டும்
அப்பா

பின்குறிப்பு: இது அம்மா. அப்பாவுக்குச் சுளுக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது, மற்றதும் மங்கிக்கொண்டே வருகிறது. வெளியில் யாருக்கும் தெரியாது. உன் வேலை கெடும், உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. அந்த அச்சு அவர் மடியைவிட்டு இறங்குவதில்லை. கொடுக்கிலிருந்து வால்வரை விரலால் தடவிக்கொண்டே, "கண்ணே இல்லாம இது எவ்வளவு காலம் குடும்பம் நடத்தியிருக்கு பாரு" என்றார் நேற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பெயரையே வை. கட்டுரையைக் கொடுத்த கையோடு புறப்பட்டு வா.

பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். "இன்னும் என்ன எழுதறே?" என்று கேட்கிறார். உன் விலாசம் என்று சொல்லியிருக்கிறேன்.