உஷ் நர்ஸம்மா வீட்டு நாலு மணி

தசரா பீரங்கி வெடித்தாலும் காதை ஒரு முறை ஆட்டிவிட்டுப் போகிற அரண்மனை யானையை ஒரே சொல்லில் அடக்கக்கூடிய ஆள் அந்தக் கால மைசூரில் ஒருவர்தான் இருந்தார். எங்கள் பக்கத்து வீட்டு நர்ஸம்மா.

நான் கண்ணால் பார்த்தேன். யானையைக் குளிப்பாட்டி எங்கள் தெரு வழியாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். மாலை நாலு மணி. கழுத்து மணி ஊரைக் கூட்டிக்கொண்டு வந்தது. நர்ஸம்மா வாசலுக்கு வந்தார். ஆஸ்பத்திரி வெள்ளைச் சேலை, காலில் செருப்பில்லை. உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றார். மாவுத்தன் குனிந்து மணியின் நாக்கைக் கையால் பிடித்துக்கொண்டான். யானை தூக்கிய காலை மெல்ல, பஞ்சின் மேல் வைப்பதுபோல் வைத்தது. இந்தக் கடைசி வரியை நான் சேர்த்துக்கொண்டதாக என் மனைவி மாதேவி சொல்கிறாள். இருக்கலாம்.

அவர் பெயர் எங்கள் வீட்டு வரிசையில் யாருக்கும் தெரியாது. உஷ் நர்ஸம்மா என்றால் போதும். தினமும் பிற்பகல் மூன்றரைக்குப் பிரசவ வார்டிலிருந்து நடந்தே வருவார். நாலு மணிக்கு அவர் வீட்டைச் சுற்றி ஓசை இருக்கக் கூடாது. "மொசரூ" என்று தெருக்கோடி வரை கேட்கக் கூவும் தயிர்க்காரி அவர் வாசலைத் தாண்டும்போது மட்டும் அதை ரகசியம்போலச் சொல்லிக்கொண்டு போவாள். தபால்காரர் சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். காரணம் என்னவென்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்கப் போனால் அதற்கும் ஒரு "உஷ்" கிடைக்கும்.

நாங்கள் கொள்ளேகாலிலிருந்து அங்கே குடிவந்தது ஒரு வருத்தத்தின் பேரில். எங்களுக்குப் பிறந்த பெண் குழந்தை இருபது நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. அதன் பிறகு மாதேவி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சொந்தக்காரர்கள் விடவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்துகொண்டு "ஏதாச்சும் பேசு புள்ள, மனசுல வெச்சுக்காத" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சொன்னார்கள். அவள் இருந்த கொஞ்சம் பேச்சையும் நிறுத்திவிட்டாள். எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு மைசூரில் பட்டு மண்டி இருந்தது. அங்கே கடிதம் எழுதும் வேலை கிடைத்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஓட்டு வீடு, வரிசையாக ஐந்து குடித்தனம். நடுச்சுவர்கள் கூரை வரை எட்டாது. பக்கத்து வீட்டில் கடுகு வெடித்தால் நாம் தும்மலாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை. சாமுண்டி மலைப் பக்கமிருந்து வந்த தூறல் ஓட்டின் மேல் விழுவதும் தெரியாமல் விழுந்துகொண்டிருந்தது. மாதேவி சுவரோரம் படுத்திருந்தாள். சுவருக்கு மேலாக ஒரு குரல் வந்தது.

"உஷ். தூங்கு. இன்னும் கொஞ்ச நேரம் தூங்கு கண்ணு."

மாதேவி கண்ணைத் திறந்தாள். எந்தக் கைக்குழந்தைச் சத்தத்திலிருந்து இவளைத் தள்ளிக் கொண்டுவர நினைத்தேனோ, அதற்குப் பக்கத்திலேயே வாடகை பேசியிருக்கிறேன்.

உறுதி செய்துகொள்ளத் தெருப் பக்கம் போய் நர்ஸம்மாவின் ஜன்னலை எட்டிப் பார்த்தேன். உள்ளே மங்கலான வெளிச்சம். மேஜை மேல் மடித்த துண்டு. துண்டின் மேல் உருண்டையாக ஏதோ. தலையில் நீலக் கம்பளிக் குல்லா, உச்சியில் சிவப்புக் குஞ்சம். நர்ஸம்மா குனிந்து அதன் அருகில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தேகமே இல்லை.

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் போய், "பக்கத்துல கைக்குழந்தை இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்று கேட்டுவிட்டேன். அவர் கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழை இழுத்துப் பிடித்துப் பேசுவார். பதற்றம் வந்தால் தமிழ் நழுவிவிடும்.

"ஏனு சாமி சொல்றீங்க? மதுவே ஆகில்ல. மகு எல்லிந்த பந்து?"

கல்யாணமே ஆகவில்லை, குழந்தை எங்கிருந்து வந்தது என்கிறார். எனக்கும் அது தெரியாது. நான் பார்த்ததைச் சொன்னேன். நீலக் குல்லாவைச் சொன்னேன். குஞ்சத்தையும் விடவில்லை.

பொழுது சாய்வதற்குள் வரிசை முழுக்கப் பரவிவிட்டது. எதிர் வீட்டுப் பென்ஷன்காரர், அது ஆஸ்பத்திரியில் யாரோ விட்டுப்போன குழந்தை என்றார். மறுநாள் அது ஒரு பெரிய இடத்துக் குழந்தை என்று திருத்தினார். புதன்கிழமைக்குள் அதற்கு மூக்கும் முழியும் யாரைப்போல என்றுகூட முடிவாகிவிட்டது. "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிடறேன். இது மரியாதஸ்தர் இருக்கற இடம்" என்றார் வீட்டுக்காரர். ஒரு வாய்ச்சொல்லில் ஒரு பெண்பிள்ளையின் வீட்டையும் பெயரையும் பறித்துவிட்டேனே.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு நேரில் கேட்டுவிடுவது என்று ஏற்பாடு. வீட்டுக்காரர் இந்தக் காரியத்துக்காக ஜரிகைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்தார். பென்ஷன்காரர் கைத்தடியோடு வந்தார். நான் சாட்சி. மூன்று பேரும் வாசலில் போய் நின்றால், உள்ளே மாதேவி நிற்கிறாள்.

அவள் கையில் ஒரு சின்னச் சட்டை இருந்தது. எங்கள் பெண்ணுக்குத் தைத்தது. அதை அவள் கொள்ளேகாலிலிருந்து பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"அக்கா, கொளந்தைக்குப் போடறதுக்குக் கொண்டாந்தனுங்க" என்றாள். "ரெண்டு மூணு தடவதான் போட்டது. நல்லா தொவச்சு வெச்சிருக்கறேன்."

ஒரு வருஷத்தில் அவள் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டது அதுதான்.

நர்ஸம்மா சட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வாசலில் நின்ற எங்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் குல்லாவைத் தூக்கினார்.

வெள்ளைப் பீங்கான் டீபாட். வயிற்றில் நீலப் பூக்கள். மூக்கில் ஒரு ஓரம் உடைந்திருந்தது. அந்த மூக்கு வழியாக ஆவி ஒரு பெருமூச்சுபோல் வெளியே வந்தது.

"இது டீ அல்வா?" என்றார் வீட்டுக்காரர், தலைப்பாகையைக் கழற்றி. இது டீ அல்லவா என்கிறார்.

"வேற என்ன இருக்கும்னு வந்தீங்க?"

மாதேவி டீபாட்டைப் பார்த்தாள், கையிலிருந்த சட்டையைப் பார்த்தாள், சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள், அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது. எதுவரை சிரிப்பு, எங்கிருந்து அழுகை என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நர்ஸம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சட்டையை வாங்கி, அழகாக நாலாக மடித்து, திரும்ப அவள் கையிலேயே வைத்தார். சூடு போகாமல் இருக்கக் குல்லாவை மறுபடி டீபாட்டுக்கு மாட்டினார்.

"உஷ். இலை இன்னும் ரெண்டு நிமிஷம் தூங்கணும். உட்காரு கண்ணு."

மாதேவி உட்கார்ந்தாள். நாங்கள் மூவரும் வாசலில் நின்றபடியே நின்றோம். அந்த இரண்டு நிமிஷம் எனக்கு இன்னும் முடியவில்லை. கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக இறங்கிய வெளிச்சம் மேஜை விளிம்பிலிருந்து டீபாட்டை நோக்கி நகர்வது கண்ணுக்குத் தெரிந்தது. வெயிலோடு சேர்ந்து விழுந்த தூறலின் ஓசை, தூரத்தில் எங்கோ ஒரு ஜட்காக் குதிரையின் குளம்போசை. பிறகு வாசனை வந்தது. காய்ந்த புல்லும் ஈர மண்ணும் எங்கோ சேர்ந்து தூங்குவதுபோல ஒரு வாசனை. பென்ஷன்காரர் கைத்தடி மேல் மோவாயை ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டார்.

டீயை ஊற்றிய பிறகுதான் விசாரணை. "குழந்தைன்னு யாரு சொன்னது?" என்றார் நர்ஸம்மா. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"தம்பி, நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க. கண்ணு டாக்டர்கிட்ட சீட்டு வாங்கித் தரேன்."

வேடிக்கைக்குச் சொன்னார் என்று நினைத்தேன். போனேன். அந்த வாரமே எனக்குக் கண்ணாடி போட்டுவிட்டார்கள்.

வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லும் பேச்சை எடுக்கவில்லை. அவர் ஆசாரக்காரர். கிறிஸ்தவரான நர்ஸம்மா வீட்டில் தண்ணீர்கூடத் தொட மாட்டார். ஆனால் அடுத்த ஞாயிறு முதல் நாலு மணிக்குத் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நர்ஸம்மாவின் ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டார். "வாசனை மாத்ர. வாசனைக்கு தோஷம் இல்ல" என்றார்.

மாதேவி தினமும் போக ஆரம்பித்தாள். என்னதான் செய்கிறார்கள் என்று ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. நர்ஸம்மா கொதிநீரை ஊற்றி டீபாட்டைச் சுழற்றிச் சூடாக்கி, அந்த நீரைப் பின்பக்கத்துக் கனகாம்பரச் செடி ஓரம் கொட்டினார். டப்பாவைத் திறந்து தேயிலையை மாதேவியிடம் முகரக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு கரண்டி, டீபாட்டுக்கு ஒரு கரண்டி. அடுப்பிலிருந்து கெட்டிலை எடுத்துக்கொண்டு டீபாட்டிடம் வராமல், டீபாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கெட்டிலிடம் போனார். "தண்ணி நடந்து வர்ற நேரத்துல சூடு போயிடும் தம்பி" என்றார். குல்லாவை மாட்டினார். "உஷ்."

அவ்வளவுதான். இரண்டு பெண்களும் ஒரு டீபாட்டின் இரு பக்கமும் கையைக் கட்டிக்கொண்டு கனவு காண்கிறவர்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள். "நாள் பூரா வார்டுல அலறல் கேட்கறேன். இலை விரியற சத்தம் கேட்குதான்னு பார்க்கறேன், இருபது வருஷமா" என்று பிறகு சொன்னார். கேட்டதா என்றேன். "ஒரு தடவை கேட்ட மாதிரி இருந்துச்சு. அன்னிக்குப் பார்த்து யானை வந்துடுச்சு."

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. உலகத்தில் எல்லோரும் மாதேவியைப் பேசு பேசு என்று நெருக்கினார்கள். பேசாதே என்று சொன்னவர் இவர் ஒருவர்தான்.

ஒரு பிற்பகல் மண்டிக்கு விடுமுறை. நான் பாதித் தூக்கத்தில் படுத்திருந்தேன். சுவருக்கு மேலே தேயிலை வாசனை வந்தது. அதன் பின்னாலேயே மாதேவியின் குரல். எங்கள் குழந்தையின் பெயரைச் சொன்னாள். ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர். நான் அசையாமல் கிடந்தேன்.

"எத்தனை நாள் இருந்தா?"

"இருவது நாளுங்க்கா."

"யார் ஜாடை?"

"அவரு ஜாடைதானுங்க. நெத்தி மட்டும் என்னுது."

"சொல்லு" என்றார் நர்ஸம்மா. அன்று அவர் வீட்டில் டீ ஆறிப்போயிருக்க வேண்டும். பேச்சு விளக்கேற்றும் நேரம் வரை கேட்டது. ஒரு "உஷ்"கூட வரவில்லை.

இரண்டு வருஷம் அப்படி ஓடியது. பிறகு நர்ஸம்மாவைச் சிக்கமகளூருக்கு மாற்றிவிட்டார்கள். வரிசையே வெளியே வந்து சாமான் கட்டியது. வீட்டுக்காரர் ஜட்காவுக்கு நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மாதேவி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. ரயிலில் பசித்தால் சாப்பிடுவதற்கு என்னென்ன கட்டிக் கொடுக்கலாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஸ்டேஷனுக்குப் போகிற அன்று நான் முதலாளியிடம் லீவு கேட்டேன். முழு நாள்.

"எதுக்குப்பா?"

"சொந்தத்துல ஒருத்தர் ஊருக்குப் போறாங்க. ஏத்தி விடோணுங்க."

"யாரு?"

"என் சம்சாரத்தோட அக்காங்க."

முதலாளி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். எங்கள் ஊர்க்காரர், எங்கள் இரண்டு குடும்பமும் அவருக்குத் தெரியும். "உங்க மாமனாருக்கு ஒரே புள்ளதானப்பா. அக்கா எங்கிருந்து வந்தா?"

"பக்கத்து வீட்டுல இருந்துங்க" என்றேன்.